எஸ். சுப்பிரமணிய ஐயர்

எஸ். சுப்பிரமணிய ஐயர் (அக்டோபர் 1, 1842 – டிசம்பர் 5, 1924) மதுரையில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கி, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக உயர்ந்தவர். இந்திய தேசிய காங்கிரஸின் முதல் மாநாட்டில் கலந்துகொண்ட அரசியல் தலைவர். மணி ஐயர் என்ற சுருக்கப் பெயராலும் அறியப்பட்டார். சென்னை மாகாணத்தில் அரசு வழக்கறிஞர் பதவியை வகித்த முதல் இந்தியர் இவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியரும் இவரே. ஓய்வுபெற்ற பிறகு அன்னி பெசன்ட் தொடங்கிய தன்னாட்சி இயக்கத்தில் சேர்ந்தார். 1917இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சனுக்கு இந்தியாவின் நிலையை விளக்கிக் கடிதம் எழுதினார். அக்கடிதத்தால் எழுந்த கண்டனத்தைத் தொடர்ந்து 1918இல் பிரிட்டிஷ் அரசு தமக்கு அளித்த பட்டங்களைத் துறந்தார்.

‘தி இந்து’ நாளிதழை நிறுவியவர்களுள் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் வேறொருவர். இருவரும் ஒரே காலத்தவர். இருவரும் 1885 பம்பாய் மாநாட்டில் பேசியவர்கள். அதனால் பாடநூல் குறிப்புகளில்கூட ஒருவரின் செயல் மற்றவர் பெயரில் ஏறிவிடுவதுண்டு. முதலெழுத்தைக் கவனித்துப் படிப்பது நல்லது.

பிறப்பும் கல்வியும்

சுப்பிரமணிய ஐயரின் தந்தை இராமநாதபுரம் ஜமீனின் வக்கீலாகப் பணியாற்றியவர். அக்காலத்தில் ‘வக்கீல்’ என்ற சொல் இன்றைய பொருளைவிட விரிந்தது. கும்பினி அதிகாரிகளிடம் ஜமீன்தாரின் சார்பாகப் பேசுபவர், கடிதப் போக்குவரத்தைக் கவனிப்பவர், பேஷ்குஷ் கணக்கைத் தீர்ப்பவர் எல்லோரையும் அது குறித்தது. மகனுக்கு இரண்டு வயதாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார்.

மதுரையில் கிறித்தவ மிஷன் பள்ளியிலும் பின்னர் ஜில்லா பள்ளியிலும் படித்தார். 1859இல் பள்ளிப் படிப்பை முடித்ததும் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அத்துடன் நின்றிருந்தால் தாசில்தார் பதவிவரை சென்று ஓய்வுபெற்றிருப்பார். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல்தான் தோன்றியிருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 1862இல் அமைந்தது. பழைய சதர் அதாலத் முறை போய், பட்டமும் பயிற்சியும் பெற்ற புதிய வழக்கறிஞர் வகுப்பு உருவாகிக்கொண்டிருந்த காலம் அது. அவர் கல்லூரியில் சேர்ந்து படிக்கவில்லை. வேலை பார்த்துக்கொண்டே வீட்டில் படித்து, மெட்ரிகுலேஷன், எஃப்.ஏ. தேர்வுகளை ஒவ்வொன்றாக எழுதி, 1868இல் சட்டத்தில் பி.எல். பட்டம் பெற்றார். 1869இல் மதுரையில் வக்கீலாகத் தொழில் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 26.

மதுரையும் ஜமீன் வழக்குகளும்

இளம் வக்கீல் ஒருவர் சென்னைக்குப் போகாமல் மதுரையிலேயே பெயரும் பொருளும் ஈட்ட முடிந்தது எப்படி என்பதற்கு அம்மாவட்டத்தின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். இன்று தனித்தனி மாவட்டங்களாக உள்ள இராமநாதபுரமும் சிவகங்கையும் அப்போது மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்தன. இராமநாதபுரம் மாவட்டம் 1910இல்தான் பிரிக்கப்பட்டது. ஆகவே இரண்டு பெரிய ஜமீன்களின் சச்சரவுகளும் மதுரை நீதிமன்றத்துக்கே வந்து சேர்ந்தன.

சிவகங்கைச் சீமையின் அரசியல் காளையார்கோவிலில் இருமுறை வாளால் தீர்க்கப்பட்டது. 1772இல் அங்கு நடந்த போரில் மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். 1801 அக்டோபரில் காளையார்கோவில் கும்பினிப் படையிடம் வீழ்ந்தது; அம்மாத இறுதிக்குள் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். கும்பினியார் படமாத்தூர் கௌரி வல்லபத் தேவரைச் சிவகங்கைக்கு உரியவராக அறிவித்தனர். 1803இல் அவருக்கு நிலையான ஜமீன் சன்னது வழங்கப்பட்டது. அதன் பிறகு சிவகங்கையை யார் ஆள்வது என்ற கேள்வி போர்க்களத்திலிருந்து நீதிமன்றத்துக்கு இடம் மாறியது. ஆயுதம் மாறியதே தவிர பிடிவாதம் குறையவில்லை.

இந்த ஜமீன்கள் பங்கு பிரிக்க முடியாதவை. சாதாரணக் குடும்பத்தில் நிலத்தகராறு என்றால் ஆளுக்கு இத்தனை குழி என்று முடித்துவிடலாம். இங்கே ஒருவருக்கு முழுவதும் கிடைக்கும், மற்றவருக்குச் சீவனாம்சம்தான் மிஞ்சும். சமரசத்துக்கு இடமில்லாத இந்த அமைப்பே வழக்குகளைத் தலைமுறை தலைமுறையாக நீட்டியது.

கௌரி வல்லபத் தேவர் 1829இல் ஆண் வாரிசின்றி இறந்தார். அவருடைய அண்ணன் மகன் ஜமீனைக் கைப்பற்றினார். விதவை அங்கமுத்து நாச்சியார் வழக்குத் தொடுத்தார். அவருக்குப் பின் மகள் காத்தம நாச்சியார் அதைத் தொடர்ந்தார். இலண்டனில் பிரிவி கவுன்சில் 1863இல் தீர்ப்பளித்தது. குடும்பம் பாகம் பிரியாததாகவே இருந்திருக்கலாம். ஆனால் இந்த ஜமீன் இறந்தவரின் சுயார்ஜிதம். எனவே அது அண்ணன் மகன்களுக்குப் போகாது, விதவைக்கும் பின்னர் மகளுக்குமே போகும் என்பது அத்தீர்ப்பின் சாரம். கும்பினியார் 1801இல் ஒருவருக்குப் புதிதாகக் கொடுத்த சொத்து என்பதே காத்தம நாச்சியாரின் வெற்றிக்கு அடிப்படையானது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தைப் படிக்கும் மாணவர்கள் இன்றும் ‘காத்தம நாச்சியார் எதிர் சிவகங்கை ராஜா’ என்ற இவ்வழக்கைத் தாண்டிச் செல்ல முடியாது.

இராமநாதபுரத்தில் வழக்கு வேறு வகை. சேதுபதியின் விதவை ராணி பர்வதவர்த்தனி நாச்சியார் ஒரு பிள்ளையைத் தத்தெடுத்தார். கணவரின் அனுமதி இல்லாத தத்து செல்லாது, ஆகவே ஜமீன் அரசுக்கே சேரும் என்றார் மதுரை ஆட்சியர். 1868இல் பிரிவி கவுன்சில் ஆட்சியருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. திராவிட நாட்டில், நெருங்கிய பங்காளிகளான சபிண்டர்களின் சம்மதம் இருந்தால் விதவை தத்தெடுக்கலாம் என்று அது ஏற்றது. எழுதிய நூலின் வாசகத்தைவிட நிரூபிக்கப்பட்ட வழக்காறே வலியது என்ற கொள்கைக்கும் இத்தீர்ப்பே மேற்கோளாக நிற்கிறது.

இந்த இரண்டு தீர்ப்புகளும் சுப்பிரமணிய ஐயர் தொழில் தொடங்குவதற்கு முன்பே வந்துவிட்டவை. அவற்றில் அவருக்குப் பங்கில்லை. ஆனால் அவர் நுழைந்த களம் எத்தகையது என்பதை அவை காட்டுகின்றன. சிவகங்கை வழக்குகள் 1863க்குப் பிறகும் ஓயவில்லை. வாரிசுரிமை, தத்து, சீவனாம்சம், கடன் என்று கிளை பிரிந்தன. ஜமீன் குடும்பங்கள் வழக்குச் செலவுக்கு நகரத்தார்களிடம் கடன் வாங்கின. அந்தக் கடனே அடுத்த வழக்காயிற்று. கண்மாயை வெட்டித் தூர்வாரச் செலவிட வேண்டிய பணம் நீதிமன்றக் கட்டணமாகப் போனது. இதில் வக்கீல்கள் செழித்தார்கள் என்பது உண்மை. ஆனால் மாவட்ட ஆட்சியரையே எதிர்த்து வழக்காடி வெல்ல முடியும் என்ற செய்தியும் இவ்வழக்குகளில்தான் மதுரைப் பகுதி மக்களுக்குக் கிடைத்தது. இராமநாதபுர ஜமீன் வக்கீலின் மகனுக்கு அது சிறுவயது முதல் காதில் விழுந்த செய்தியாக இருந்திருக்கும்.

1869 முதல் 1885 வரை அவர் மதுரையில் வாதாடினார். நகராட்சி உறுப்பினராகவும் பணியாற்றினார். 1876–78 பெரும் பஞ்சம் மதுரை மாவட்டத்தைத் தாக்கியது இக்காலத்தில்தான்.

வழக்கறிஞர் அரசியலுக்கு வரும் வழி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழக்கறிஞர் தொழிலிலிருந்து அரசியலுக்கு வருவது பல நாடுகளிலும் நடந்தது. அமெரிக்காவில் ஆபிரகாம் லிங்கன் நன்கறிந்த உதாரணம். அவரும் கல்லூரி வாசல் மிதிக்காதவர்; இரவல் சட்டப் புத்தகங்களைத் தாமே படித்துத் தேறி, இல்லினாய் மாநிலத்தில் ஊர் ஊராகச் சுற்றி வாதாடியவர். நில எல்லைத் தகராறு, கடன் பத்திரம், ரயில்வே கம்பெனி வழக்கு என்று அவர் கண்ட மக்களே பின்னர் அவருக்கு வாக்களித்தார்கள். 1834இல் மாநிலச் சட்டமன்றம், 1846இல் நாடாளுமன்றத்தின் கீழவை, 1860இல் குடியரசுத் தலைவர் பதவி என்று தேர்தல்களே அவருக்குப் படிகள்.

மதுரை வக்கீலுக்கு அந்தப் படிகள் இல்லை. 1861ஆம் ஆண்டு இந்திய கவுன்சில்கள் சட்டப்படி, சென்னைச் சட்டசபைக்கு ஆளுநர் தாம் விரும்பிய சிலரை நியமிப்பார். அவர்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். கேள்வி கேட்க முடியாது. வரவு செலவுத் திட்டத்தைப் பற்றி விவாதிக்க முடியாது. முன்வைக்கப்பட்ட மசோதாவைப் பற்றி மட்டும் கருத்துச் சொல்லலாம். எவ்வளவு திறமையுள்ள இந்தியரும் ஆட்சியாளரின் நல்லெண்ணத்தால் மட்டுமே பொதுவாழ்வில் உயர முடியும் என்பதுதான் இதன் விளைவு. சுப்பிரமணிய ஐயரின் பிற்கால வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்தக் கட்டாயத்தை மனத்தில் வைக்க வேண்டும். அவர் பெற்ற ஒவ்வொரு பதவியும் கொடுக்கப்பட்டது.

1884இல் அவர் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு தொழிலையும் சென்னைக்கு மாற்றிக்கொண்டார். 1885 டிசம்பர் 28 அன்று பம்பாய் கோகுல்தாஸ் தேஜ்பால் சம்ஸ்கிருதக் கல்லூரியில் கூடிய முதல் காங்கிரஸ் மாநாட்டில் கலந்துகொண்ட 72 பிரதிநிதிகளுள் அவரும் ஒருவர். சட்டசபைகளை விரிவாக்க வேண்டும், தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் கணிசமாக இடம்பெற வேண்டும், வரவு செலவுத் திட்டம் அவைகளின் முன் வைக்கப்பட வேண்டும், நிர்வாகம் பற்றிக் கேள்வி கேட்க உரிமை வேண்டும் என்ற தீர்மானத்தை காசிநாத் திரிம்பக் தெலாங் முன்மொழிந்தார். சுப்பிரமணிய ஐயர் அதை வழிமொழிந்து பேசினார். சட்டசபைக்குள் உட்கார்ந்து அதன் கைகள் கட்டப்பட்டிருப்பதைக் கண்டவர் என்பதால், அவர் பேச்சுக்குத் தனி எடை இருந்தது. 1892இல் வந்த புதிய சட்டம் கேள்வி கேட்கவும் வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிப் பேசவும் ஓரளவு இடம் கொடுத்தது. நேரடித் தேர்தலுக்கு மேலும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

உயர் நீதிமன்றத்தில்

1888இல் அரசு வழக்கறிஞராகவும் குற்ற வழக்குகளில் அரசுத் தரப்பு வழக்கறிஞராகவும் நியமிக்கப்பட்டார். 1891இல் திவான் பகதூர் பட்டமும் சி.ஐ.இ. விருதும் வந்தன. சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான டி. முத்துசாமி ஐயர் 1895 ஜனவரியில் இறந்தபோது, அவ்விடத்துக்குச் சுப்பிரமணிய ஐயர் வந்தார். 1907 வரை நீதிபதியாக இருந்தார். 1899, 1903, 1906 ஆகிய ஆண்டுகளில் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் பொறுப்பு வகித்தார். நிரந்தரத் தலைமை நீதிபதி பதவி அக்காலத்தில் இங்கிலாந்திலிருந்து வரும் பாரிஸ்டர்களுக்கே உரியதாக இருந்தது. இந்தியர் எவ்வளவு மூத்தவராயினும் அந்த நாற்காலியில் சில மாதங்கள் உட்கார்ந்து எழ வேண்டியதுதான். சென்னை உயர் நீதிமன்றத்துக்கு முதல் இந்தியத் தலைமை நீதிபதி 1948இல்தான் வந்தார்.

சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ எல்.எல்.டி. பட்டம் அளித்தது. 1900இல் கே.சி.ஐ.இ. விருது பெற்று ‘சர்’ ஆனார். 1904இல் சில காலம் துணைவேந்தர் பொறுப்பை வகித்தார். கல்லூரிக்குப் போகாமல் வீட்டிலிருந்து தேர்வெழுதியவர் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானது அன்றைய மாணவர்களிடையே பெரிதாகப் பேசப்பட்டிருக்கும். உடல்நலம் குன்றியதால் 1907இல் ஓய்வுபெற்றார்.

கோயில் சொத்துகள்

ஓய்வுக்குப் பின் அவர் கையில் எடுத்த வேலைகளில் தர்ம ரட்சண சபை முக்கியமானது. அரசியல் வரலாற்றை எழுதுவோர் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். ஆனால் தமிழ்நாட்டின் கோயில் நிர்வாகம் இன்றுள்ள வடிவத்துக்கு வந்த பாதையில் இது ஒரு கட்டம்.

1817ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி சென்னை மாகாணக் கோயில்களின் மேற்பார்வை வருவாய் வாரியத்திடம் இருந்தது. கிறித்தவ அரசு இந்துக் கோயில்களை நிர்வகிக்கலாமா என்று இங்கிலாந்தில் எதிர்ப்பு எழுந்தது. அரசு மெல்ல விலகியது; 1863ஆம் ஆண்டு சமய அறநிலையச் சட்டம் அந்த விலகலை முழுமையாக்கியது. கோயில்கள் உள்ளூர்க் குழுக்களிடமும் தர்மகர்த்தாக்களிடமும் விடப்பட்டன. மேலே கேட்பார் இல்லாத நிலையில் கோயில் நிலங்கள் குறைந்த குத்தகைக்குப் போயின, நகைக் கணக்குகள் மறைந்தன. தவறு செய்யும் தர்மகர்த்தாவை நீக்க ஒரே வழி பக்தர்கள் சேர்ந்து நீதிமன்றத்துக்குப் போவது. ஏழை பக்தருக்கு அது எட்டாத வழி.

தர்ம ரட்சண சபை அந்த இடத்தில் நின்றது. சட்டம் தெரிந்தவர்களைக் கூட்டி, அறக்கட்டளைச் சொத்துகள் தவறாகப் பயன்படுத்தப்படும் இடங்களில் தலையிடுவது அதன் நோக்கம். இத்தகைய தனியார் முயற்சிகள் மாகாணம் முழுவதற்கும் போதாது என்பது விரைவில் தெரிந்தது. நீதிக்கட்சி ஆட்சியில் இந்து சமய அறநிலையச் சட்டம் நிறைவேறி, அறநிலைய வாரியம் உருவாகியது. அரசியலில் நேர் எதிராக நின்ற இரு தரப்பினரும் கோயில் கணக்கு விஷயத்தில் ஏறக்குறைய ஒரே முடிவுக்கு வந்தனர்.

தன்னாட்சி இயக்கம்

சுப்பிரமணிய ஐயர் பிரம்மஞான சபையில் நீண்டகால உறுப்பினர். 1907க்குப் பின் சில ஆண்டுகள் அதன் துணைத் தலைவராகவும் இருந்தார். அன்னி பெசன்டுடனான நட்பு அவ்வழியே வந்தது. 1914இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்கு அவரே வரவேற்புக் குழுத் தலைவர். 1916 செப்டம்பரில் பெசன்ட் சென்னையில் தன்னாட்சிச் சங்கத்தைத் தொடங்கியபோது அதன் கௌரவத் தலைவராக 73 வயது முதியவரான சுப்பிரமணிய ஐயரின் பெயர் அறிவிக்கப்பட்டது.

இந்த இயக்கத்துக்குத் தமிழகத்தில் ஆதரவு மட்டும் இருக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் பிட்டி தியாகராயர் வெளியிட்ட பிராமணரல்லாதார் அறிக்கை, தன்னாட்சி என்பது அரசுப் பணிகளிலும் வழக்கறிஞர் தொழிலிலும் ஏற்கெனவே மேலோங்கியிருந்த ஒரு சிறு வகுப்பின் ஆட்சியாகவே முடியும் என்று எதிர்த்தது. உயர் நீதிமன்றத்திலும் பல்கலைக்கழகத்திலும் இடம்பெற்ற இந்தியர்களின் பட்டியலைப் பார்த்தால் அந்த அச்சம் காரணமற்றதென்று சொல்ல முடியாது. சுப்பிரமணிய ஐயரின் வரலாற்றை இப்பின்னணியை விட்டுவிட்டு எழுதினால் அது பாதி வரலாறாகவே இருக்கும்.

1917 ஜூன் மாதத்தில் ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அரசு பெசன்டையும் அவருடைய உதவியாளர்கள் அருண்டேல், வாடியா ஆகியோரையும் காவலில் வைத்தது. விசாரணை இல்லை, குற்றச்சாட்டு இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் உயர் நீதிமன்றத்தில் உட்கார்ந்து, இருதரப்பையும் கேளாமல் தண்டிக்கக் கூடாது என்ற விதியைக் கையாண்டவருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். சங்கத்தின் பாரம் முழுவதும் அவர் மேல் விழுந்தது.

வில்சனுக்கு எழுதிய கடிதம்

1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. உலகில் மக்களாட்சிக்குப் பாதுகாப்புத் தேடுவதே இப்போரின் நோக்கம் என்று குடியரசுத் தலைவர் வில்சன் தம் நாடாளுமன்றத்தில் அறிவித்திருந்தார். அடிமை நாடுகளில் படித்தவர்கள் எல்லோரும் அந்த உரையைக் கவனித்தனர். சுப்பிரமணிய ஐயர் அதை ஒரு வழக்கறிஞராகவே படித்தார் எனலாம். எதிர்த்தரப்பின் கூட்டாளி தம் வாயாலேயே ஒரு கொள்கையை ஒப்புக்கொண்டுவிட்டார். இனி அதை அவர் முன்னாலேயே வைத்து நியாயம் கேட்க வேண்டியதுதான். வில்சனும் இளமையில் சட்டம் படித்து அட்லாண்டா நகரில் சிறிது காலம் வழக்கறிஞராக இருந்தவர்.

கடிதம் 1917 ஜூன் 24 தேதியிட்டது. போர்க்காலத் தபால் தணிக்கை இருந்ததால் அஞ்சலில் அனுப்பவில்லை. இந்தியாவில் இருந்த ஹென்றி ஹாட்ச்னர் என்ற அமெரிக்கரும் அவர் மனைவியும் அதைக் கையோடு எடுத்துச் சென்றனர். அன்னிய மொழி பேசும் அன்னிய அதிகாரிகள் இந்தியர் மீது தம் விருப்பத்தைத் திணிக்கிறார்கள். தங்களுக்குப் பெரும் சம்பளங்களை வைத்துக்கொண்டு மக்களுக்குக் கல்வியை மறுக்கிறார்கள். தன்னாட்சி கேட்டவர்களைச் சிறைப்படுத்துகிறார்கள் என்று கடிதம் குற்றஞ்சாட்டியது. இந்தியாவுக்கு உடனே தன்னாட்சி வாக்களிக்கப்பட்டால் மூன்று மாதங்களில் 50 இலட்சம் வீரர்களும், அடுத்த மூன்று மாதங்களில் மேலும் 50 இலட்சம் பேரும் போருக்கு முன்வருவார்கள் என்றும் கூறியது.

கடைசிப் பகுதி இன்று படிக்கச் சங்கடமானது. அந்த ஒரு கோடிப் பேரில் எவரையும் கடிதம் எழுதியவர் கேட்டிருக்க முடியாது. போகப்போவது மயிலாப்பூர் வக்கீல் வீட்டுப் பிள்ளைகள் அல்லர். மழை பொய்த்த ஊர்களின் உழவர் வீட்டுப் பிள்ளைகள். ஆனால் பேரத்தில் வைக்க இந்தியாவிடம் அன்று வேறு என்ன இருந்தது என்ற கேள்வியும் உண்டு. வாக்குரிமை இல்லாத நாட்டில் ஆள்பலமே பேசும் சரக்காக இருந்தது. அடுத்த ஆண்டில் காந்தியும் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராகச் சென்று படைக்கு ஆள் திரட்ட முயன்றார்.

அமெரிக்காவில் கடிதம் அச்சிடப்பட்டுப் பரவியது. இந்தியாவில் இதற்கிடையே நிலைமை மாறியிருந்தது. ஆகஸ்ட் 20 அன்று இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகு, இந்தியாவில் படிப்படியாகப் பொறுப்பாட்சி ஏற்படுத்துவதே பிரிட்டனின் நோக்கம் என அறிவித்தார்; செப்டம்பரில் பெசன்ட் விடுதலையானார். டிசம்பரில் மாண்டேகுவும் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டும் சென்னைக்கு வந்தபோது, அக்கடிதத்துக்காகச் சுப்பிரமணிய ஐயரை நேரில் கடிந்துகொண்டனர். கடிதம் இங்கிலாந்தில் பரவலாகத் தெரியவந்ததும் 1918இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலும் கேள்வி எழுந்தது. கடிதத்தின் குற்றச்சாட்டுகள் ஆதாரமற்றவை, எழுதியவர் வகித்த பதவியால் தவறு இன்னும் பெரிதாகிறது என்ற போக்கில் மாண்டேகு பதிலளித்தார்.

பட்டங்களைத் துறத்தல்

மாண்டேகுவின் வாதத்தில் ஒரு நியாயம் ஒளிந்திருந்தது. பதவியும் பட்டமும் அரசு கொடுத்தவை. கொடுத்தவரைக் குறை சொல்லி வெளிநாட்டுக்கு எழுதுவது நன்றிகெட்ட செயல் என்பதே அதன் உட்பொருள். சுப்பிரமணிய ஐயர் கடிதத்தைத் திரும்பப் பெறவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. பட்டம் வைத்திருப்பதால்தான் வாய் பேசக் கூடாது என்றால் அந்தப் பட்டம் தேவையில்லை என்ற நிலையை எடுத்தார். கே.சி.ஐ.இ. விருதையும் திவான் பகதூர் பட்டத்தையும் 1918இல் துறந்தார்.

ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பின் தாகூர் ‘சர்’ பட்டத்தைத் துறந்தது 1919 மே இறுதியில். பட்டங்களைத் திருப்பித் தருவதைக் காந்தி ஒத்துழையாமை இயக்கத்தின் ஓர் அங்கமாக்கியது 1920இல். தாகூரின் கடிதம் பள்ளிப் பாடங்களில் இடம்பெற்றது. அதற்கு ஓராண்டு முன் சென்னையில் நடந்தது தமிழ்நாட்டுப் பாடநூல்களில்கூட அரிதாகவே காணப்படுகிறது. அவர் காந்தியின் தலைமைக்குப் பின் வந்த பெருந்திரள் இயக்கத்தில் சேராததும், அவர் சார்ந்திருந்த பெசன்டின் செல்வாக்கு 1919க்குப் பின் சரிந்ததும் இதற்குக் காரணங்கள் எனத் தோன்றுகிறது. காங்கிரஸின் வரலாற்றை எழுதியவர்களுக்கும் நீதிக்கட்சியின் வரலாற்றை எழுதியவர்களுக்கும் அவரைத் தம்மவராகக் கொண்டாடக் காரணம் இருக்கவில்லை.

இறுதிக்காலம்

கடைசி ஆண்டுகளை மயிலாப்பூரில் கழித்தார். சமய, தத்துவ நூல்களில் ஈடுபட்டு, சுத்த தர்ம மண்டலம் என்ற ஆன்மிக அமைப்புக்குத் துணைநின்றார். 1924 டிசம்பர் 5 அன்று, 82ஆம் வயதில் காலமானார்.

சென்னைப் பல்கலைக்கழக செனட் மாளிகை வளாகத்தில் அவருக்குச் சிலை உள்ளது. அவர் தொழில் தொடங்கக் காரணமாக இருந்த ஜமீன்கள் 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் முடிவுக்கு வந்தன. சிவகங்கை, இராமநாதபுரம் ஜமீன்களின் வழக்குகளில் பிறந்த தீர்ப்புகள் மட்டும் சட்டக் கல்லூரிப் பாடங்களில் நீடிக்கின்றன.